பாட்டிகள் பச்சை குத்திக்கொண்டது அழகுக்கா, சடங்குக்கா?

இரண்டுக்கும்தான். ஆனால் கேட்டால் பாட்டிகள் முதலில் சொல்வது வேறு: “நகை, நட்டு எல்லாத்தையும் கழட்டிக்குவாங்க. பச்சை மட்டும்தான் கூட வரும்.” செத்த பிறகும் தன்னோடு வருகிற ஒரே சொத்து என்பது அவர்கள் கணக்கு.

குத்திவிட வந்தவர்கள் பெரும்பாலும் குறத்திகள். மை தயாரிப்பதே தனி வேலை. மஞ்சளையும் அகத்தி இலையையும் அரைத்து, துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை. நான்கைந்து ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். வலி தெரியாமலிருக்கப் பாட்டு. (பாட்டால் வலி குறைந்ததா என்று என் அம்மாச்சியிடம் கேட்டேன். “அவ பாடினா, நான் கத்தினேன்” என்றார்.) அவர் முன்கையில் ஒரு புள்ளிக்கோலம், அதற்குக் கீழே ஒரு தேள். தேளின் கொடுக்கு மட்டும் மங்கிப்போயிருந்தது.

கரி கறுப்புதானே, பச்சை எங்கிருந்து வந்தது? கரித்துகள் மேல்தோலுக்கு அடியில், இரண்டாம் அடுக்கில் தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் தோல் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் நம் கண்ணுக்கு நீலப்பச்சையாகத் தெரிகிறது. அந்தத் துகள்களை உடலின் நோய் எதிர்ப்புச் செல்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் செத்தால் அடுத்தது வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அழியாது.

இன்று குத்திக்கொள்வதென்றால் புது ஊசியைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். திருவிழாக் கடையில் ஒரே ஊசியை எல்லோருக்கும் குத்தினால் ஹெபடைட்டிஸ் பி, சி என்ற கல்லீரல் நோய்கள் பரவலாம். அப்புறம், காதலன் பெயர் வேண்டாம். கோலமே போதும்.