ஆட்டோவில் சரிந்த கேக்

கேள்வி: எனக்கு 39 வயது. 2020 ஊரடங்கில் கேக் செய்யக் கற்றுக்கொண்டேன். எங்கள் தெருவில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் என்னிடம்தான் சொல்வார்கள். போன மே மாதம் ஊரில் நடந்த ஒரு போட்டிக்கு இரண்டு அடுக்கு பட்டர்கிரீம் கேக் செய்து ஆட்டோவில் கொண்டுபோனேன். மண்டப வாசலில் இறங்கும்போதே மேலடுக்கு சரிந்து, கிரீம் வழிந்து, பார்க்க முடியாமல் ஆகிவிட்டது. நடுவர் ஒருவர் ஒரு வாய் சாப்பிட்டார். 'வீட்டில் சாப்பிட நன்றாக இருக்கும்' என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். அன்றிலிருந்து ஓவனைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன். ஆர்டர் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது கிறிஸ்துமஸுக்கு எங்கள் தேவாலயப் பெண்கள் குழு போட்டி வைக்கிறது. விண்ணப்பம் கொடுக்க இன்னும் 12 நாள் இருக்கிறது. ஒன்பதாவது படிக்கும் மகள் அதைப் பாதி நிரப்பியே வைத்திருக்கிறாள். 'இந்த வயசுல இன்னொரு அவமானம் எதுக்கு?' என்கிறார் மதினி. தன்னம்பிக்கை வந்த பிறகு கலந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

— பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கேக் எப்படிச் சரிந்தது, யார் பார்த்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதன் ருசி எப்படி இருந்தது என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அந்த நடுவர் சொன்னதை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். ருசியில் குறை என்று அவர் சொல்லவில்லை. சொன்ன விதம் மனதைக் குத்தியிருக்கும், புரிகிறது. ஆனால் ஐந்து மாதத்துக்கும் மேலாக அந்த வாக்கியத்தின் பாதியைத்தான் நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஆட்டோ விஷயத்தைப் பேசிவிடுவோம். பட்டர்கிரீமில் இருக்கும் வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருக ஆரம்பித்துவிடும். அதற்கு முன்பே நெகிழ்ந்து பிடிமானத்தை இழந்துவிடும். மே மாதத் தூத்துக்குடியில் நண்பகல் வெயில் 35-ஐத் தாண்டும். நாம் பார்த்துச் செய்யும் குறிப்புகள் பலவும் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. 'வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்' என்று அதில் எழுதியிருந்தால், அந்த அறை 20 டிகிரி அறை. நம் சமையலறை அப்படியா? அப்புறம், இரண்டு அடுக்கு கேக்கை அடுக்கிய நிலையில் ஆட்டோவில் கொண்டுபோவது அனுபவமுள்ளவர்களுக்கே சிரமம். கீழடுக்கில் தடித்த ஸ்ட்ராக்களைக் குத்தி நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு கேக் போர்டு வைத்து, அதன் மேல் மேலடுக்கை உட்கார வைக்க வேண்டும். முடிந்தால் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் அங்கே வைத்து அடுக்க வேண்டும். இதை யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களா? இல்லை என்றால், தெரியாத ஒரு வேலை அன்று தவறிப்போனது, அவ்வளவுதான். 'நான் இதற்கு லாயக்கில்லை' என்ற முடிவுக்கு அதில் இடமே இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தன்னம்பிக்கை வந்த பிறகு போகலாமா என்கிறீர்கள். துணி போட்டு மூடிய ஓவனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் அது எந்த வழியாக வரும், சொல்லுங்கள்.

கனடாவில் பிறந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 'இந்த வேலை என்னால் ஆகும்' என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்றார். தானே செய்து முடித்துப் பார்ப்பது ஒன்று. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது ஒன்று. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை ஒன்று. படபடப்பு, வியர்வை போன்ற உடம்பின் நிலையை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது இன்னொன்று. நான்கில் வலுவானது முதலாவதுதான். சுலபமான வெற்றிகளை மட்டுமே பார்த்தவர் ஒரு தோல்வியில் சீக்கிரம் துவண்டுவிடுவார் என்பதும் அவர் சொன்னதுதான். இங்கேதான் எனக்கு உங்கள் நினைவு வந்தது. இத்தனை வருடம் உங்கள் கேக்கைச் சாப்பிட்டவர்கள் எல்லாம் உங்களைப் பிடித்தவர்கள். அறியாதவர் ஒருவர் முதல்முறை முகம் திருப்பியதும் தாங்க முடியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது வழிக்கு இரண்டு பேரைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 2010 முதல் 'தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்ற தொலைக்காட்சிப் போட்டி நடக்கிறது. ஒரு பெரிய கூடாரத்தில், வீட்டில் மட்டும் பேக்கிங் செய்து பழகியவர்கள் வந்து போட்டியிடுவார்கள். அதில் 2015-இல் வென்றவர் நதியா உசேன். லூட்டன் நகரில் வங்கதேசப் பெற்றோருக்குப் பிறந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். நெடுங்காலமாகக் கடும் பதற்ற நோயோடு வாழ்ந்துவந்தவர். கணவர் வற்புறுத்தித்தான் விண்ணப்பித்தார். இறுதிச் சுற்றில் அவர் செய்தது ஒரு கல்யாண கேக். தன் கல்யாணத்தில் கேக் வெட்டும் வழக்கம் இருக்கவில்லை என்பதால், அந்தக் குறையைத் தீர்க்க, தன் கல்யாண நகைகளையே வைத்து அதை அலங்கரித்தார். அடுத்த ஆண்டு எலிசபெத் ராணியின் 90-வது பிறந்தநாள் கேக்கைச் செய்யும் வாய்ப்பு அவருக்கு வந்தது. சரி, அத்தோடு அவருடைய பதற்றம் போய்விட்டதா? போகவில்லை. 2019-இல் தன் பதற்ற நோயைப் பற்றி பிபிசி ஆவணப்படத்தில் அவரே வெளிப்படையாகப் பேசினார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். பயம் தீரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பயத்தோடுதான் மாவு பிசைந்தார்.

இன்னொருவர் ராகுல் மண்டல். மேற்கு வங்கத்திலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போய் அங்கேயே ஆராய்ச்சியாளர் ஆனவர், கூச்ச சுபாவம் உள்ளவர். 2018 இறுதிப் போட்டியில் வெயில் தாங்காமல் அவர் மேசையில் இருந்த கண்ணாடி ஜாடி ஒன்று வெடித்துச் சிதறியது. கலவையில் கண்ணாடித் தூள் விழுந்திருக்கும் என்பதால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. 15 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அவர்தான் அன்று வென்றார்.

என் கதையும் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் மதுரையில் ஒரு பெண்கள் சங்கப் போட்டியில் ஸ்விஸ் ரோல் செய்தேன். சூடாக இருக்கும்போதே துணியில் சுருட்டி ஆறவிட வேண்டும். பதற்றத்தில் ஆறிய பிறகு சுருட்டினேன். நீளவாட்டில் மூன்று இடத்தில் பிளந்துவிட்டது. கையில் இருந்தது 40 நிமிடம். பின்பக்கம் போய் அழுதுவிட்டு வந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த முன்பின் தெரியாத அக்கா ஒரு கண்ணாடி டம்ளரை என் முன்னால் வைத்து, 'வெட்டி இதுல அடுக்கும்மா' என்றார். அப்படியே வட்டம் வட்டமாக வெட்டி, ஜாம், கஸ்டர்டு வைத்து ஆறு டம்ளர் நிரப்பினேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போன நான் காலையில் வந்த ஆள் இல்லை. உடைந்ததை வைத்துக்கொண்டு 40 நிமிடத்தில் ஒன்றைச் செய்ய முடியும் என்று என் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வாழ்க்கையில் பெரிய இடிகள் வந்தபோதும், 'இப்போது கையில் என்ன மிச்சம் இருக்கிறது?' என்று பார்க்கும் பழக்கம் அந்த மேசையில் ஆரம்பித்ததுதான்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: கலந்துகொள்ளுங்கள். ஆனால் நன்றாக வருவதை மட்டும் பழகாதீர்கள், கெட்டுப்போவதையும் பழகுங்கள். பட்டர்கிரீம் திரிந்தால், கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைச் சற்று வெதுவெதுப்பாக்கி விடாமல் அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். விப்பிங் கிரீம் அடி அதிகமாகித் திரிதிரியாகத் தெரிந்தால், அடிக்காத கிரீம் சில கரண்டி விட்டு மெதுவாகக் கலக்கலாம். நடுவில் குழி விழுந்த கேக்கை மேலே சமமாக வெட்டிவிடலாம், இல்லையென்றால் துண்டுபோட்டு டம்ளரில் அடுக்கலாம். இவற்றை வீட்டில் வேண்டுமென்றே ஒரு முறை கெடுத்து, சரிசெய்து பாருங்கள். போட்டி நேரத்தைக் கடிகாரத்தில் வைத்து, குறிப்பேட்டை மூடிவிட்டு, முழுதாக மூன்று முறை செய்யுங்கள். ஓவனுக்குள் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்குங்கள். வெளியே குமிழ் காட்டும் அளவும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

என்ன செய்வது என்பதிலும் எனக்கு ஓர் ஆசை உண்டு, சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் மக்ரூனை விட்டுவிட்டு ஏன் வெளியே தேட வேண்டும்? முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, மெதுவான சூடு. இந்த நான்கையும் தூத்துக்குடியில் வளர்ந்த உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கலவையைத் தட்டையான வட்டங்களாகச் சுட்டு, கேக் அடுக்குகளுக்கு நடுவே மொறுமொறுப்பாக வைத்துப் பாருங்கள். டிசம்பரில் வெயில் குறைவு, ஆனால் மழைக்காலக் கடற்காற்றில் மக்ரூன் சீக்கிரம் நமத்துவிடும். சுட்டு ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். அடுக்கும் முன் இரண்டு பக்கமும் மெல்லிய சாக்லேட் பூசினால் ஈரம் ஏறாது. வெளிப்பூச்சுக்கு பட்டர்கிரீம் வேண்டாம். டார்க் சாக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு சேர்த்த கனாஷ் நம் ஊர் சூட்டில் இன்னும் நன்றாக நிற்கும்.

போட்டி நாளில் கை நடுங்கும். நடுங்கட்டும். 'பதற்றப்படாதே' என்று உங்களையே அதட்டாதீர்கள். 2014-இல் ஹார்வர்டு பேராசிரியை அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சை நன்றாகச் செய்தார்கள். பதற்றத்திலும் உற்சாகத்திலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் அடிக்கும். நடுவரிடம் இந்த முறை நீங்களே கேளுங்கள்: 'எதில் மதிப்பெண் குறைந்தது?' பதிலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மதினியிடம் வாதாட வேண்டாம். நீங்கள் அழுததை அவரும் பார்த்திருப்பார், மறுபடி அப்படி நடக்கக் கூடாது என்ற பயம் அவருக்கும் இருக்கும். அன்று ஆட்டோவில் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள அவரைக் கூப்பிடுங்கள். மகளுக்கு இன்னொரு பெட்டி.

ஒன்று மட்டும் கவனம். ஓவனோடு சேர்த்து மற்றதெல்லாமும் மூடிக்கொண்டுவிட்டதா? தூக்கம் கெடுவது, யாரையும் பார்க்கப் பிடிக்காமல் இருப்பது, காரணமில்லாமல் அழுகை வருவது என்று இருந்தால், அதைக் கேக்கால் சரிசெய்ய வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

விண்ணப்பத்தின் மீதிப் பாதியை இன்று ராத்திரியே மகளை உட்கார வைத்து நிரப்பிவிடுங்கள். முதல் ஒத்திகை இந்த ஞாயிற்றுக்கிழமை இருக்கட்டும். கேக்கைச் செய்து முடித்ததும் இரண்டு பெட்டிகளில் வைத்து, நல்ல வெயில் நேரத்தில், ஆட்டோவில் துறைமுகம் வரை போய்த் திரும்பி வாருங்கள். பெட்டியைத் திறந்ததும் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள். ருசியைப் பற்றியும் எழுத வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா