கணினிக் கேள்வி–பதில்: வெளியே போன பதிப்பைத் திருப்பி எடுக்க முடியுமா?

கேள்வி: புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கு இருப்பும் பில்லும் பார்க்கும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். கைபேசிச் செயலியின் புதிய பதிப்பை விட்ட நாளிலிருந்து, செயலி இடையில் உறைந்து நிற்கிறது, ஒரே பில் இரண்டாகப் பதிவாகிறது என்று முறைப்பாடு. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அன்ட்ரொய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்துப் புதிதாக எழுதலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இப்போது வேண்டாம். பழைய செயலியில் நீங்களே மறந்துபோன சின்னச் சின்ன வசதிகள் இருக்கும், கடைக்காரர் அவற்றை நம்பித்தான் வேலை செய்கிறார். சோனோஸ் நிறுவனம் 2024 மே மாதம் தன் ஒலிபெருக்கிச் செயலியை அடியோடு மாற்றி வெளியிட்டபோது, அலாரத்தைத் திருத்துவது போன்ற பழகிய வசதிகள் காணாமற் போயின. பழைய செயலியை மீண்டும் கொடுத்தால் சிக்கல் கூடும் என்று ஓகஸ்டில் நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது. 2025 ஜனவரியில் தலைமை நிறைவேற்று அதிகாரி பதவி விலகினார். அவ்வளவு பெரிய நிறுவனத்தாலேயே பின்வாங்க முடியவில்லை.

முதலில் ப்ளே கொன்சோலில் (செயலி செய்பவர்களுக்கான கூகுள் ப்ளே தளம்), செயலியின் கோளாறுகளைக் கணக்கிட்டுக் காட்டும் அன்ட்ரொய்ட் வைட்டல்ஸ் பக்கத்தைத் திறவுங்கள். பாவனையாளர் கண்முன்னே செயலி மூடிக்கொள்ளும் வீதம் 1.09 சதவீதத்தையோ, உறைந்து நிற்கும் வீதம் 0.47 சதவீதத்தையோ தாண்டினால், கூகுள் ப்ளேயில் உங்கள் செயலி கண்ணில் படுவதே குறையலாம். விரல் தொட்டு 5 வினாடிக்குள் பதில் வராவிட்டால் அது உறைந்ததாகக் கணக்கு. இருப்புச் செயலிகளில் இதற்கு வழக்கமான காரணம், பொருட்பட்டியல் முழுவதையும் திரையை இயக்கும் அதே இழையில் (thread, செயலிக்குள் ஓடும் ஒரு வேலை வரிசை) வாசிப்பதுதான். எழுதுபவரின் கைபேசியில் 200 பொருட்கள், கடையில் 8,000. ஆகவே உங்களின் மிகப் பெரிய வாடிக்கையாளரின் பட்டியல் அளவுக்கு மாதிரித் தரவு செய்து, 3 ஜீபீ நினைவகம் உள்ள பழைய கைபேசியில் ஓட்டிப் பாருங்கள்.

இரட்டைப் பில்லுக்குக் காரணம் வேறு. கிட்டங்கிக்குள் சிக்னல் விழுகிறது. பில் சேவையகத்துக்குப் போய்விட்டது, "கிடைத்தது" என்ற பதில் மட்டும் திரும்பவில்லை. கடைப் பையன் மறுபடி அழுத்துகிறான். பொத்தானை மங்கலாக்கி வைத்தால் இது தீராது. பில் திறக்கும் கணத்திலேயே கைபேசி அதற்கொரு தனி அடையாள எண் கொடுக்கட்டும். அதே எண் மீண்டும் வந்தால் சேவையகம் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே அனுப்பட்டும்.

அடுத்த பதிப்பை 5 சதவீதம் பேருக்கு மட்டும் விட்டு இரண்டு நாள் பாருங்கள், பிறகு 20, 50, 100. நடுவில் நிறுத்தலாம், ஆனால் நிறுத்தினால் புதியவர்களுக்குப் போகாதே தவிர, ஏற்கெனவே பெற்றவர் கையில் இருப்பது அப்படியே இருக்கும். அவர்களுக்குத் திருத்தம் போக, பதிப்பு எண் கூடிய இன்னொன்றைத்தான் ஏற்ற வேண்டும். அதனால் புதிய வசதி ஒவ்வொன்றுக்கும் சேவையகத்திலிருந்தே அணைக்கக்கூடிய ஒரு ஆளி வையுங்கள். டேட்டா கரையும் என்று வைஃபை கிடைக்கும்வரை அப்டேட் செய்யாதவர்கள் நம்மிடையே நிறையப் பேர். 3ஆம் பதிப்பிலிருந்து நேரே 7க்குத் தாவுபவரின் தரவு உடையாமல் வருகிறதா என்பதையும் சோதியுங்கள். இந்த ஒன்றைத் தவறவிட்டால் கடையின் கடன் கணக்கே அழிந்துபோகும்.

கேள்வி: ஐபோன் பதிப்புக்கு எவ்வளவு செலவாகும்?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: அப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டொலர், கூகுள் ப்ளேக்கு ஒரே தடவை 25 டொலர். படிப்படியான வெளியீட்டை அப்பிளே 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று ஏழு நாளில் செய்யும். உண்மையான செலவு ஒவ்வொரு வழுவையும் இரண்டு இடத்தில் சோதிப்பதில்தான். அன்ட்ரொய்ட் பதிப்பு ஆடிக்கொண்டிருக்கையில் தொடங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் சம்பளச் செயலியில் ஊழியர் சிலரின் பிறந்த திகதி மட்டும் ஒரு நாள் முன்னதாகக் காட்டுகிறது. எல்லோருக்கும் இல்லை. ஏன்?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: திகதி பிழையாகக் காட்டுபவர்கள் 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்களா என்று பாருங்கள். 1996 மே மாதம் இலங்கை நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டது, அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி குறைக்கப்பட்டது, 2006 ஏப்ரலில்தான் உலகப் பொது நேரத்தைவிட (UTC) ஐந்தரை மணி முந்திய பழைய 5:30க்குத் திரும்பியது. கைபேசிக்கு இந்த வரலாறு தெரியும். 2001 மார்ச் 5 என்ற பிறந்த திகதியை, அந்நாள் தொடங்கும் நள்ளிரவாக அது 6 மணி வித்தியாசத்தோடு சேமிக்கிறது. உங்கள் சேவையகம் எப்போதும் 5:30 என்று எண்ணிக் கூட்டுகிறது. வருவது மார்ச் 4, இரவு 11:30.

பிறந்த திகதியை நேரத்தோடு சேமிக்காதீர்கள். ஆண்டு, மாதம், நாள் மட்டும் போதும். பிழையாகப் பதிந்தவற்றுக்கு எல்லோருக்கும் ஒரு நாள் கூட்டிவிடாமல், அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பழைய, எழுத்தோடு முடியும் எண்ணில் முதல் இரண்டும் ஆண்டு. பெண்களுக்கு நாளோடு 500 கூடியிருக்கும். எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே அதில் கணக்கு. ஆகவே 2001 மார்ச் 5 என்றால் 065, பெண்ணானால் 565. சாதாரண நாட்காட்டிக் கணக்கில் 64 வரும், அதை வைத்து ஒப்பிட்டால் சரியாக இருந்தவரையும் பிழையென்று காட்டும்.

கேள்வி: தமிழ்ப் பொருட்பெயர் பில்லில் கடைசிப் புள்ளி இல்லாமல் அச்சாகிறது.
– வாசகர், தெகிவளை

பதில்: பெயரை 15 குறிகளில் வெட்டுகிறீர்கள் போலிருக்கிறது. கணினி ஒரு தமிழ் எழுத்தை, மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் துணைக்குறியையும் தனித்தனிக் குறிகளாகவே சேமிக்கிறது. "கொத்தமல்லித்தூள்" கண்ணுக்கு 9 எழுத்து, யூனிகோட் என்ற எழுத்துக்குறி முறையில் 16 குறி. ள்–இன் புள்ளிதான் பதினாறாவது. குறிகளை எண்ணாமல், முழு எழுத்தாகப் பிரிக்கும் வசதியைப் பயன்படுத்தி வெட்டுங்கள். அச்சுப்பொறியிலேயே தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வரியைப் படமாக வரைந்து அனுப்புங்கள். 58 மில்லிமீற்றர் தாளுக்குப் படத்தின் அகலம் வழக்கமாக 384 புள்ளிகள்.