கேமரா வாங்கித் தரும் முன் கெட்டிமேளத்தைப் பற்றிக் கேளுங்கள்

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள். பத்தாவது முடித்த மகன், "நான் வீடியோ லைனுக்குத்தான் போவேன், எனக்கு எதுக்கு சயின்ஸ் குரூப்" என்கிறான், என்ன செய்வது என்பது ஒன்று. ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா கேட்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா என்பது மற்றொன்று. என் கண்ணில் பட்டதோ, நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த வரி: "ஃபோர் கே, எஃப்பிஎஸ் என்று என்னென்னவோ பேசுகிறான். தெரிந்து பேசுகிறானா, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறானா என்று எங்களுக்குப் புரியவில்லை."

அதைக் கண்டுபிடிப்பது பெரிய விஷயம் இல்லை. நாலைந்து வார்த்தைகளை நீங்களும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகத் தம்பியிடம் கேளுங்கள். பரீட்சை வைப்பதுபோல் வேண்டாம்.

ஃபோர் கே எல்லாப் பையன்களுக்கும் தெரியும். ஃபுல் எச்டி படம் 1920க்கு 1080 புள்ளிகள். ஃபோர் கே 3840க்கு 2160, அதாவது நாலு மடங்கு. அதோடு விடாதீர்கள், "பிட்ரேட் எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு டேட்டா செலவாகிறது என்பதுதான் பிட்ரேட். அதைக் குறைத்தால் ஃபோர் கே படமும் கட்டம் கட்டமாக உடையும். நொடிக்கு 100 மெகாபிட் என்று எடுத்தால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்து 12.5 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. கல்யாணத்தில் இரண்டு கேமரா ஆறு ஆறு மணி நேரம் ஓடினால் 540 ஜிபி, அதற்கு ஒரு காப்பியும் எடுத்தால் ஒரு டெராபைட் தாண்டிவிடும். இந்தக் கணக்கை அவன் பேப்பரில் போட்டுக் காட்டினால், கேமரா விலையோடு ஹார்ட் டிஸ்க் விலையையும் யோசிக்கிற பையன் என்று அர்த்தம்.

அடுத்தது, "எம்பி4 என்றால் என்ன?" பாதிப் பேர் இதில்தான் தடுமாறுவார்கள். எம்பி4, எம்ஓவி எல்லாம் வீடியோ ஃபைலின் வெளி டப்பா. உள்ளே படத்தை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது கோடெக்: எச்.264, எச்.265, புரோரெஸ் இப்படி. பென் டிரைவைப் பழைய டிவியில் சொருகிவிட்டு, "தம்பி, சவுண்ட் மட்டும் வருது, படம் வரலையே" என்று கல்யாண வீட்டார் போன் செய்வார்கள். டப்பா எம்பி4தான். உள்ளே இருக்கும் எச்.265ஐப் பிரிக்க அந்த டிவிக்குத் தெரிந்திருக்காது. எச்.264ல் மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எஃப்பிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு. சினிமாவுக்கு 24, நம் நாட்டு டிவிக்கு 25, அமெரிக்காவில் ஏறக்குறைய 30. 50ல் எடுத்து 25ல் ஓடவிட்டால் பாதி வேகம்; ஸ்லோ மோஷன் அவ்வளவுதான். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க யூடியூபர் சொன்னதைக் கேட்டு நம் பையன்கள் 30 எஃப்பிஎஸ், ஷட்டர் 1/60 என்று வைப்பார்கள்; ஒவ்வொரு படத்துக்கும் நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் விழும் என்று அர்த்தம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுழற்சி, அவர்களுக்குச் சரி. இங்கே 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் வைத்த டியூப்லைட், சுழற்சிக்கு இரண்டு என்று நொடிக்கு 100 தடவை மினுக்குவதால், 1/60ல் எடுத்த படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஷட்டரை 1/50க்கோ 1/100க்கோ மாற்றினால் போய்விடும். உங்கள் வீட்டு ஹாலிலேயே, செல்போன் கேமராவில் ஷட்டரை நாமே மாற்றும் ப்ரோ மோட் இருந்தால், செய்து பார்க்கச் சொல்லுங்கள். பட்டை ஓடுவதைப் பார்த்து "ஏன்?" என்று அவன் கேட்டால் எனக்குச் சந்தோஷம்.

இனி ஒலி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாரும் கவனிக்காத பக்கம் இதுதான்.

என் தங்கை கல்யாணத்தை மினிடிவி (MiniDV) என்ற சின்ன டிஜிட்டல் வீடியோ கேசட்டில் எடுத்தார்கள், ஒரு கேசட்டுக்கு ஒரு மணி நேரம். பதிவு செய்தவர் ஐயர் மந்திரம் சொல்லும் சத்தத்துக்கு மைக் அளவைக் கூட்டி வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். தாலி கட்டும் நேரம் கெட்டிமேளம். தவில் ஓங்கி ஒலித்த அந்த அரை நிமிடமும் தகரத்தைப் பிறாண்டுவதுபோல் பதிவாகியிருக்கிறது. ஒலியின் அளவைச் சொல்வது டெசிபல். டிஜிட்டல் பதிவில் உச்சவரம்பையே பூஜ்யம் டெசிபல் என்று வைத்து, அதற்குக் கீழே மைனஸில் எண்ணுவார்கள். அதைத் தாண்டும் அலையின் தலையைச் சீவிவிடும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். சீவிய தலையை எந்த சாஃப்ட்வேராலும் முழுதாக ஒட்டவைக்க முடியாது. அதனால்தான் பேச்சின் உச்சம் மைனஸ் 12 பக்கம் நிற்கும்படி வைத்து, மேலே இடம் விடுவார்கள். அளவை மெஷினே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆட்டோ மோடில் விட்டால் வேறு தொல்லை: தவில் நின்றதும் பெரியவர் மெதுவாக ஆசீர்வாதம் சொல்வார், மெஷின் தானாக அளவைக் கூட்டும், கூடவே ஃபேன் இரைச்சலும் ஏறும்.

வீடியோவுக்கு ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் எடுப்பது வழக்கம், பழைய ஆடியோ சிடிக்கு 44.1. நொடிக்கு 48,000 தடவை அலையை அளந்து எழுதுகிறது என்று பொருள். ஒவ்வொரு அளவையும் எத்தனை நுணுக்கமாக எழுதுகிறது என்பது பிட், 16 அல்லது 24. வேவ் என்ற ஒலி ஃபைலில் இந்த அளவுகள் பொதுவாகச் சுருக்காமல் அப்படியே இருக்கும். எம்பி3 சுருக்கியது, கேட்கப் போதும், எடிட் செய்ய வேண்டாம்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ஹெர்ட்ஸ், டெசிபல், அலை என்று மேலே வந்ததெல்லாம் பிசிக்ஸ்தான். புனேயில் 1960ல் தொடங்கிய திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுப் பிரிவில் சேரப் பட்டப்படிப்பு மட்டும் போதாது, ப்ளஸ் டூவில் பிசிக்ஸ் படித்திருக்க வேண்டும். சென்னை தரமணியில் எம்ஜிஆர் பெயரில் உள்ள அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் தனித்தனிப் படிப்பு. விண்ணப்பிக்கிற வருஷத்து அறிவிப்பில் எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பட்டப்படிப்பு மட்டும் போதும் என்றால் பெரும்பாலான கல்லூரிகளில் எந்த குரூப்பும் ஓடும். ஆனால் பதினைந்து வயதில் ஒலிப்பதிவுக் கதவை நாமே ஏன் சாத்த வேண்டும்? கணக்கைக் கண்டாலே காய்ச்சல் வருகிற பையன் இல்லையென்றால், சயின்ஸ் குரூப்பே எடுக்கட்டும்.

கேமரா இப்போது வேண்டாம். வீட்டில் இருக்கும் போனோடு சட்டையில் மாட்டும் சின்ன மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அடுத்து சொந்தத்தில் வரும் காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, முழுதாக அவனே எடுக்கட்டும். படம் ஒரு போனில், ஒலி இன்னொரு போனில். தொடங்கும்போது கேமரா முன் ஒரு தடவை கை தட்டச் சொல்லுங்கள். கை சேரும் படத்தையும் 'டப்' என்ற சத்தத்தையும் எடிட்டிங்கில் பொருத்தினால் இரண்டும் ஒன்றாக ஓடும். சினிமாவில் கிளாப் போர்டு அடிப்பதும் இதற்காகத்தான். போனில் இருப்பதை அழிக்கும் முன் இரண்டு இடத்தில் காப்பி எடுத்தானா, மேளம் அடிக்கும் முன் அளவைக் குறைத்தானா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கேமராவைப் பற்றி அப்புறம் பேசலாம்.