இருவரும் வேலைக்குப் போகிறோம், வீட்டில் சின்னப் பிள்ளைகள், பெரியவர்கள் ஊரில். நாட்களை எப்படி ஓட்டுகிறீர்கள்?

கேட்டவர் பெண்ணாகத்தான் இருப்பார் என்று தோன்றுகிறது. பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் இருக்கும். உங்களுக்கு ஐடி வேலை, உங்கள் வீட்டுக்காரருக்கு ஊர் ஊராகச் சுற்றும் வேலை. ஊரில் இருப்பவர்கள் "வேணும்னா நான் வந்து இருக்கட்டுமா" என்று போனில் கேட்பார்கள், வர மாட்டார்கள். இதில் ஏதாவது தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள். எங்கள் அபார்ட்மெண்டில் பாதி வீடு இப்படித்தான் ஓடுகிறது.

எனக்கு முன்னால் பதில் எழுதியவர்கள் எல்லோரும் காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையே சின்ன வெங்காயத்தை உரித்து வை, தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் போடு, மாவை அரைத்து இரண்டு டப்பாவாகப் பிரித்து வை, யூனிஃபார்மை மொத்தமாக அயர்ன் பண்ணு. எல்லாம் சரி, நாங்களும் செய்கிறோம். ஆனால் இதெல்லாம் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிற நாளுக்கான யோசனை. ஒரு பிள்ளைக்கு நூற்றொரு டிகிரி காய்ச்சல் வரட்டும், துருவிய தேங்காய் ஒன்றுக்கும் உதவாது. அன்றைக்கு யார் லீவு போடுவது? காய்ச்சல் வருவதற்கு முன்பே இதைப் பேசி முடித்த வீடு எப்படியாவது ஓடிவிடும். பேசாத வீட்டில் அது தானாகவே அம்மாவின் தலையில் விழும். யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள், ஆனாலும் விழும்.

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். வீடு சேலையூரில். நான் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடிவதற்கு முன்பே கேம்ப் ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். மனைவிக்கு சோழிங்கநல்லூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பெண் யூ.கே.ஜி., பையன் டே கேர். என் அம்மா அப்பா சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு மூட்டு ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கொட்டிலில் இரண்டு பசு. அம்மா கிளம்பி வந்துவிட்டால் அங்கே பால் கறக்க ஆள் கிடையாது. மனைவிக்கு அம்மா இல்லை.

என் ஷிஃப்ட்டை வைத்துத்தான் வீடு நடக்கும். செகண்ட் ஷிஃப்ட் வாரம் காலையில் பிள்ளைகளைக் கிளப்பி விடுவது நான். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் வாரம் திரும்பக் கூட்டி வருவது நான். நைட் ஷிஃப்ட் வாரம்தான் கொடுமை. இருவரையும் அனுப்பிவிட்டு வந்து கண்ணை மூடினால் கூரியர்காரர் காலிங் பெல்லை அழுத்துவார், பெரும்பாலும் எதிர் வீட்டு பார்சலுக்கு.

பையன் டே கேரில் சேர்ந்த சமயத்தில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு பேசி, தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினோம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால், அவளுக்கு ரிலீஸ் வாரமாக (சாஃப்ட்வேரை வெளியிடும் வாரம்) இருந்தால் லீவு எனக்கு. எனக்குக் கம்பெனியில் ஆடிட், அதாவது சோதனை, இருந்தால் அவளுக்கு. இரண்டும் ஒன்றாக வந்தால் யாருக்குச் சம்பளத்தில் குறைவாகப் பிடிப்பார்களோ அவர் வீட்டில் இருக்க வேண்டும். கணவன் மனைவிக்குள் ஒப்பந்தமா என்று வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரிக்கட்டும்.

போன வருடம் மழைக்காலம் தொடங்கும் நேரம், டே கேரிலிருந்து மனைவிக்கு போன். படிவத்தில் முதல் நம்பர் என்னுடையது. நான் செகண்ட் ஷிஃப்ட் வாரம் என்பதால் வீட்டில்தான் இருந்தேன், அதையும் காலையில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் அவர்கள் கூப்பிட்டது அவளைத்தான். அவளுக்கு ரிலீஸ் வாரம். அவள் என்னைக் கூப்பிட்டு, நான் போய்ப் பையனைத் தூக்கி வந்தேன். அன்றைக்கு வெறும் காய்ச்சல். மறுநாள் தோசை வேண்டும் என்று அடம்பிடித்தான். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு விள்ளல் வாயில் வைத்தான், துப்பினான், உதட்டைப் பிடித்துக்கொண்டு அப்படி ஒரு அழுகை. மறுபடி தோசையைக் கையில் எடுக்கிறான், பார்க்கிறான், வைக்கவும் மனசில்லை, கடிக்கவும் பயம். டார்ச் அடித்துப் பார்த்தால் நாக்கு ஓரமெல்லாம் புண். உள்ளங்காலில் மைசூர் பருப்பைச் சிதறவிட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள்.

டாக்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு "ஹேண்ட் ஃபுட் மவுத்" என்றார். கை கால் வாய் நோய். பெரும்பாலும் காக்சாக்கி என்ற வைரஸ் வகையால் வருவது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அதிகம், டே கேரில் ஒருவனுக்கு வந்தால் வரிசையாக வரும். 2022-இல் கேரளாவில் தக்காளிக் காய்ச்சல் என்று டிவியில் பயமுறுத்தினார்களே, அதுவும் இதே ரகம்தான் என்றார். ஆன்டிபயாடிக் தேவையில்லை, எடைக்குத் தகுந்த பாராசிட்டமால் போதும், ஒரு வாரம் பத்து நாளில் தானாகச் சரியாகும். ஆனால் சிறுநீர் சரியாகப் போகிறானா என்று பார்க்க வேண்டும். விடாமல் வாந்தி எடுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ, தூக்கத்தில் திடுக்கிட்டுத் திடுக்கிட்டுத் தூக்கிப் போட்டாலோ உடனே வர வேண்டும். சூடாகவோ காரமாகவோ புளிப்பாகவோ எதுவும் வேண்டாம், ஐஸ்கிரீம் தரலாம். (நான் டாக்டர் இல்லை. எங்களுக்குச் சொன்னதைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளையை நீங்கள் காட்டிக்கொள்ளுங்கள்.)

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். அங்கேதான் வினை. "எய்யா, அது அம்மைய்யா. மாரியாத்தா வந்திருக்கா, டாக்டருகிட்ட எதுக்குத் தூக்கிட்டுப் போன?" வாசலில் வேப்பிலை செருகணும், தாளிக்கக் கூடாது, தண்ணி ஊத்தக் கூடாது. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைக்கச் சொன்னார். எனக்கு இதில் சண்டை போட நேரமில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன் வைத்தேன். கீழே நிற்கிற வேப்ப மரத்திலிருந்து கொத்து ஒடித்து வாசலில் செருகினேன். தாளிக்காத சாப்பாடுதான் பையனுக்கும் தேவை, ஆகவே அதிலும் பிரச்சினை இல்லை. குளிப்பாட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை.

அந்த வாரம் கற்றுக்கொண்டது என்றால், ஆறிய சோறு போதாது, குளிர்ந்த சோறு வேண்டும். குழைந்த சாதத்தைப் பாலும் கொஞ்சம் தயிரும் விட்டு மசித்து, புளிப்பதற்கு முன் ஃப்ரிட்ஜில் வைத்து, டீஸ்பூனில் எடுத்துப் புண் இல்லாத பக்கமாக விட வேண்டும். இளநீர் குடித்தான். கேழ்வரகுக் கஞ்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாக எடுபடாது, சோப்புதான் என்று டாக்டர் சொன்னதால், டயாப்பர் மாற்றும்போதெல்லாம் கை கழுவிக் கழுவி விரல் சுருங்கிப் போனது. பொம்மைகளை எல்லாம் வாளியில் போட்டு ஊற வைத்துக் கழுவிக் காய வைத்தேன். தம்பிக்கு மட்டும் ஐஸ்கிரீமா என்று பெண் வாயைத் திறந்து காட்டிக்கொண்டே இருந்தாள். "எனக்கும் புண்ணு இருக்குப்பா, நல்லா பாரு." அப்போது இல்லை. இவன் தேறி வருகிற சமயத்தில் நிஜமாகவே வந்தது. அதற்குள் ரிலீஸ் முடிந்திருந்ததால் அந்தச் சுற்றை மனைவி பார்த்தாள்.

நடுவில் சண்டையே வரவில்லையா என்றால், வந்தது. லீவுக்காக இல்லை. தெர்மாமீட்டரை எங்கே வைத்தாய் என்பதில் ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்தில் அவள் சித்தப்பாவுக்குப் பந்தியில் இடம் கிடைக்காதது வரை போனது.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது வேறு. லீவு கேட்க சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். நல்ல மனுஷன், லீவு கொடுத்துவிட்டார். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: "வீட்ல அவங்க இல்லையாப்பா?" இருக்காங்க சார், வேலைக்குப் போயிருக்காங்க என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மறுநாள் லைனில் இருக்கிற நண்பன் ஒருவன் "என்ன மாப்ள, வீட்ல வேலையா" என்று சிரிக்கும் பொம்மையோடு மெசேஜ். அட்டெண்டன்ஸ் போனஸ் போனதுகூட எனக்கு வலிக்கவில்லை.

அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை, சட்டமே அப்படித்தான் பார்க்கிறது. 2017-இல் மகப்பேறு விடுப்பை முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றும் அதில் சேர்த்தார்கள். நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள். தனியார் கம்பெனியில் வேலை செய்பவனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது, கம்பெனி மனசு வைத்துக் கொடுத்தால் உண்டு. 26 வாரம் எல்லாம் எனக்கு வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய மாலுக்குப் பையனோடு தனியாகப் போயிருந்தேன். டயாப்பர் மாற்ற வேண்டும். ஆண்கள் பக்கம் அதற்கு ஒரு பலகைகூட இல்லை. பெண்கள் பக்கம் இருக்கிறது, கதவில் தாயும் சேயும் படம் போட்டிருக்கிறார்கள். செக்யூரிட்டியிடம் கேட்டேன், "மேடம் வரலையா சார்" என்கிறார். கடைசியில் வண்டி நிறுத்துமிடத்தில், ஸ்கூட்டர் சீட்டின் மேல் துண்டை விரித்து மாற்றினேன். மணிக்கணக்கில் பார்க்கிங் காசு வாங்கத் தெரிகிறது, ஒரு பலகை அடிக்க முடியாதா? அங்கே ஒரு காபி என்ன விலை தெரியுமா? சரி, விடுங்கள்.

ஒரு வாரம் பிள்ளையைப் பார்த்ததற்கு இவ்வளவு நீளப் பதிலா, நாங்கள் வருஷம் முழுக்கப் பார்க்கிறோம் என்று பெண்கள் சிலர் எழுதுவீர்கள். எழுதுங்கள், நியாயம்தான். என் மனைவியும் இதைப் படித்தால் அதையேதான் சொல்வாள். லீவு கேட்டால் கிடைக்கிற வேலையில் இருக்கிறேன் என்பதும் தெரியும். தினக்கூலிக்குப் போகிறவர்களிடம் இந்த ஃப்ரிட்ஜ் தாளை நீட்டினால் அடிக்க வருவார்கள். பெருமைக்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான்.

இன்னொரு கூட்டம் "கூட்டுக் குடும்பமாக இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை" என்று வரும். நான் வளர்ந்தது கூட்டுக் குடும்பத்தில்தான். எனக்குச் சின்னம்மை போட்டபோது வீட்டில் பெரியவர்கள் நிறைய இருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க வேப்பிலையால் வருடிக் கொடுத்தது அம்மா மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு இருந்தார்கள். காலையில் எல்லோருக்கும் சோறு வடித்ததும் அம்மாதான்.

கேட்டவருக்கு உபயோகமாக இரண்டு விஷயம். டே கேரில் சேர்ப்பதற்கு முன் பொம்மையையும் ஏசியையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எத்தனை டிகிரிக்கு மேல் போனால் திருப்பி அனுப்புவீர்கள், திரும்பச் சேர்க்க டாக்டர் சான்றிதழ் வேண்டுமா, வராத நாளுக்குக் கட்டணம் உண்டா, யாருடைய போனுக்கு முதலில் கூப்பிடுவீர்கள் என்று கேளுங்கள். எங்கள் இடத்தில் சான்றிதழும் வேண்டும், முழுக் கட்டணமும் உண்டு. அப்புறம், இதே நோய் உங்கள் பிள்ளைக்கு வந்தால், எல்லாம் சரியாகிச் சில வாரம் கழித்துக் கை கால் நகம் அடியிலிருந்து கழன்று வரலாம். எங்கள் பையனுக்குக் கட்டை விரல் நகம் அப்படி வந்ததைப் பார்த்து ராத்திரி ஆட்டோ பிடித்து ஓடினோம். அதுவும் இந்த நோயின் மிச்சம்தானாம், வலிக்காது, கீழே புது நகம் முளைத்துக்கொண்டிருக்கும். அந்தச் செலவு உங்களுக்கு மிச்சமாகட்டும்.