சொந்தக் கையால் ஒரு மலைத்தடி: எந்தக் கட்டை, எந்தக் குழாய்?

மலையேற்றத்துக்கான தடியை நாமே செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். இதுவரை பன்னிரண்டு தடி செய்திருக்கிறேன், அதில் நான்கு உடைந்தன. கீழே சொல்வதில் பாதி அந்த நான்கும் சொல்லிக் கொடுத்ததுதான்.

கேள்வி: அண்ணா, வீட்டில் பழைய மாப்புக் கட்டை சும்மா கிடக்கிறது. அதையே வெட்டித் தடியாக்கினால் போதாதா?

பதில்: சமதரையில் நடக்கப் போதும், மலை இறங்கப் போதாது. கட்டையின் பக்கவாட்டில் ரேகைகளைப் பாருங்கள், அவை நுனியிலிருந்து அடிவரை தடியோடு கூடவே ஓட வேண்டும். பலகையை அறுத்து உருட்டிக் கடைந்த கட்டைகளில் பல நேரம் ரேகை பாதி வழியிலேயே சாய்ந்து வெளியே போய்விடும். உடைந்தால் அந்தச் சாய்விலேதான் உடையும், அதுவும் ஈட்டி முனை மாதிரி. என் முதல் தடி அப்படிப் போனதில் முழங்கையில் நல்ல கிழிசல். இரும்பு மாப்புக் குழாய் என்றால் இன்னும் மோசம், தகரம் அத்தனை மெலிசு, ஓரிடத்தில் நசுங்கினால் அங்கேயே மடங்கும்.

கேள்வி: அப்படியானால் எந்த மரம் நல்லது? ஒரு பெயர் சொல்லுங்கள் சார்.

பதில்: கோடரிக்கும் மண்வெட்டிக்கும் காம்பு போட எந்த மரத்தைத் தேடுவார்களோ அந்த மரம். அதிர்ச்சியைத் தாங்கி வளைந்து கொடுக்கிற குணம்தான் இரண்டுக்கும் வேண்டும். ஆஷ், ஹிக்கரி இரண்டும் காம்புக்குப் பேர் போனவை. தேக்கு கோணாது, தண்ணீருக்கும் அசராது, ஆனால் திடீர் அடி விழுந்தால் இவை அளவுக்குத் தாங்காது. பைன் லேசு, ஆனால் மெத்து, கல்லில் பட்ட இடமெல்லாம் பள்ளம் விழும். எடையையும் கணக்குப் போடுங்கள்: 150 செ.மீ. நீளம், 30 மி.மீ. குறுக்களவு என்றால் தேக்கில் சுமார் 700 கிராம், ஹிக்கரியில் 850 கிராமை ஒட்டி வரும். நாள் முழுக்கத் தூக்கி வைக்கும்போது அந்த 150 கிராம் நன்றாகவே தெரியும்.

ஆனாலும் பெயரைவிட நாருக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். விலை கூடிய மரத்திலிருந்து கோணலாக அறுத்த கட்டையைவிட, சாதாரண மரத்தின் நேராக வளர்ந்த கிளை உறுதியானது, ஏனென்றால் அதில் நார் எங்குமே அறுபடவில்லை. ஒரே ஒரு தடை: அரளி வேண்டாம். எவ்வளவு நேராக இருந்தாலும் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு, கையில் பிடித்துத் திரிகிற பொருளுக்கு அது எதற்கு?

கேள்வி: பச்சைக் கிளை ஒன்றை வெட்டி வெயிலில் காய வைத்தேன். நான்காம் நாளே நுனி வெடித்துவிட்டது. என்ன தப்பு?

பதில்: வெயில்தான் தப்பு. மரத்துக்குள் இருக்கும் ஈரம் பக்கவாட்டைவிட வெட்டுவாய் வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும், அதனால் நுனி மட்டும் முன்னதாகச் சுருங்கி வெடிக்கிறது. வெட்டிய அன்றே இரு முனையிலும் மெழுகோ பெயின்டோ கெட்டியாகப் பூசிவிட்டு, நிழலில் காற்றோட்டமான இடத்தில் போடுங்கள். வேண்டிய நீளத்தைவிட இருபுறமும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டி வைத்தால் வெடித்தாலும் அந்தத் துண்டோடு போகும். பட்டையை உரித்துவிடுங்கள், அதன் அடியில்தான் வண்டு குடியேறும். எப்போது காய்ந்தது என்று தெரிய வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. சில மாதம் ஆகும், அவசரப்பட்டால் வில்லாக வளைந்த தடிதான் கிடைக்கும்.

கேள்வி: மூங்கில் பற்றி யாருமே கேட்கவில்லையே?

பதில்: நானே சொல்லலாம் என்று இருந்தேன். எனக்கு அதிகம் பிடித்தது அதுதான். மூங்கிலில் நார் அடர்ந்திருப்பது வெளித்தோலை ஒட்டித்தான், வளைக்கும்போது அதிக இழுப்பு விழுவதும் அங்கேதான். அதனால்தான் உள்ளே வெற்றாக இருந்தும் அத்தனை எடை தாங்குகிறது. ஆகவே வெளித்தோலைச் செதுக்கி அழகு பார்க்காதீர்கள், கணுமேட்டை மட்டும் லேசாக உப்புத்தாளால் தேய்த்தால் போதும்.

தேர்ந்தெடுக்கும்போது துளை சிறுத்துச் சுவர் தடித்த கழியாக, மூன்று வயதுக்குக் குறையாததாகப் பாருங்கள். இளங்கழி காயும்போது சுருங்கி நெளியும். அடிமுனை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே முடியட்டும், கணுவின் தடுப்புச் சுவர்தான் தரையின் அடியைத் தாங்கும். மூங்கிலின் பெரிய பலவீனம், நெடுக்காகப் பிளந்துகொள்ளும். ஆணி அடித்தால் போச்சு. எந்தத் துளையும் டிரில் வைத்துத்தான் போட வேண்டும், இரு முனையிலும் மெழுகிட்ட நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசை பூச வேண்டும், இல்லை ஒரு பூண் மாட்ட வேண்டும். இன்னொன்று, அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வரும், தடியிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டினால் வந்துவிட்டது என்று அர்த்தம். கணுக்களின் உள்தடுப்பைக் கம்பியால் துளைத்துவிட்டு வெண்காரம் கரைத்த நீரில் ஊற வைத்தால் தப்பிக்கலாம். அடிக்கணுவின் தடுப்பை மட்டும் துளைக்காமல் விடுங்கள்.

கேள்வி: பிரம்பு?

பதில்: உள்ளே கெட்டி, பிளக்காது. ஆனால் வளையும். முழு உடல் எடையைச் சாய்க்கிறவருக்குச் சரிவராது.

கேள்வி: அலுமினியக் குழாய், பி.வி.சி. குழாய், கார்பன் குழாய். மூன்றில் எது?

பதில்: பி.வி.சி.யை முதலில் தள்ளிவிடுங்கள். விறைப்பில் மரத்தின் பாதிகூட வராது, ஊன்றினால் பாம்பாக நெளியும், வெயிலில் கிடந்து கிடந்து ஒருநாள் பட்டென்று உடையும். அலுமினியம் நல்ல தேர்வு. 25 மி.மீ. வெளி அளவு, 1.5 மி.மீ. சுவர், 150 செ.மீ. நீளம் என்றால் 450 கிராம்தான். நசுங்கல் விழுந்ததா என்று மட்டும் அடிக்கடி தடவிப் பாருங்கள், சின்ன நசுங்கல்கூடக் குழாயின் பலத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடும். கார்பன் மூன்றிலும் லேசு, விறைப்பும் நல்ல விறைப்பு, ஆனால் பாறையில் பக்கவாட்டாக அடிபட்டால் எச்சரிக்கையே தராமல் போகும். அறுக்கும்போது வரும் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி போட்டு ஈரம் விட்டு அறுங்கள். அலுமினியம், கார்பன் இரண்டுமே மின்சாரம் கடத்தும், அதையும் மறக்காதீர்கள்.

கேள்வி: நான் 95 கிலோ. 25 மி.மீ. கட்டை தாங்குமா?

பதில்: 30க்குப் போங்கள். கட்டையின் விறைப்பு குறுக்களவின் நான்காம் அடுக்கில் ஏறும், அதாவது 25ஐ 30 ஆக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. நம்பும் முன் சோதனை ஒன்று: இரு முனையையும் தாழ்ந்த திண்டுகளில் வைத்து, நடுவில் கையை ஊன்றிப் படிப்படியாக எடையை ஏற்றுங்கள். சிறு ‘டிக்’ சத்தம் கேட்டாலே அந்தக் கட்டை அடுப்புக்குத்தான்.

கேள்வி: அண்ணா, தடியிலேயே கேமரா திருகு, திசைகாட்டி, தார்ப்பாய்க்குக் கம்பு, உள்ளே தூண்டில் நூல் எல்லாம் வைக்க ஆசை. மரமா, குழாயா?

பதில்: எல்லாவற்றையும் வைத்தால் கடைசியில் ஊன்றத் தடி இருக்காது. தார்ப்பாய்க் கம்புக்கு எதுவும் துளைக்கவே வேண்டாம், தடியைத் தலைகீழாக நட்டுக் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினால் முடிந்தது. கேமராவுக்கு கால் அங்குல, அங்குலத்துக்கு 20 மரை உள்ள போல்ட் வேண்டும். ஒரு பக்கம் மரத்தில் இறங்கும் திருகும் மறுபக்கம் போல்ட் மரையும் உள்ள துண்டு கிடைக்கும், அதைத் தலையில் நட்டநடுவே எப்பாக்ஸிப் பசை வைத்து இறக்குங்கள். இதற்குக் கெட்டி மரம்தான் சரி. ஆனால் அந்த இரும்பு போல்ட்டுக்குப் பக்கத்தில் திசைகாட்டியைப் பதித்தால் முள் போல்ட்டைத்தான் காட்டும். பித்தளைத் திருகு போடுங்கள், இல்லை திசைகாட்டி கழுத்திலேயே தொங்கட்டும்.

நூல், ஊசி, தீப்பெட்டி உள்ளே வைக்க மரத்தைக் குடையாதீர்கள். அதற்கு அலுமினியக் குழாயோ மூங்கிலின் மேல்கணுவோ இருக்கவே இருக்கிறது. பக்கவாட்டில் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் மேல் கால் பகுதியில் போடுங்கள், நடுவில் வேண்டவே வேண்டாம், வளைவு அங்கேதான் அதிகம். அளவுகோல் வேண்டுமா? 10 செ.மீ.க்கு ஒரு கோடு சூடு போட்டால் ஓடையின் ஆழம் பார்க்க உதவும், எடையும் ஏறாது.

கேள்வி: அடிமுனைக்கு ரப்பரா, இரும்பு முனையா?

பதில்: பாறைக்கு ரப்பர், மண்ணுக்கும் சேற்றுக்கும் இரும்பு. நான் இரும்பு முனை வைத்து அதன்மேல் ரப்பர் மூடி மாட்டிக்கொள்கிறேன். மூடிக்குள் ஒரு வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் முனை ரப்பரைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

கேள்வி: கைப்பிடிக்கு வார்னிஷ் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம், வியர்வை பட்டால் வழுக்கும், உள்ளங்கை கொப்பளிக்கும். ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாக மூன்று நான்கு முறை தேய்த்துக் காயவிடுங்கள். தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெளியே விரித்துக் காயப் போட்ட பிறகு எறியுங்கள். பிடிக்கு நைலான் கயிறு சுற்றினால் வேறு அவசரத்துக்கும் அவிழ்த்துக்கொள்ளலாம், ஆனால் நனைந்தால் தளரும், அதனால் சுற்றும்போதே ஈரமாக்கி இறுக்கிச் சுற்றுங்கள்.

கேள்வி: உயரம் எவ்வளவு? எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: செருப்போ பூட்ஸோ போட்டு நின்று முழங்கையை மடக்கினால் கை எங்கே வருகிறதோ, அதற்கு மேல் ஒரு சாண். இறக்கத்தில் மேலே பிடிப்பீர்கள், ஏற்றத்தில் கீழே பிடிப்பீர்கள். முதலில் நீளமாகவே விட்டு இரண்டு மூன்று நடை போய்வந்த பிறகு அறுங்கள், அதுவும் அடியில்.