ஞானஸ்நானத்துக்குப் பிறகும்

அன்புள்ள ஐயா,

யூத இசைக்கலைஞர்கள் பற்றிய தங்கள் கட்டுரையில் மெண்டல்சனையும் மாலரையும் யூத இசையமைப்பாளர்கள் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். இருவருமே கிறிஸ்தவத்தைத் தழுவியவர்கள்தானே? அவர்களுடைய இசையிலாவது யூதத்தன்மை என்று ஏதேனும் உண்டா?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

கேள்வி நியாயமானது. மெண்டல்சன் 1816இல், ஏழு வயதிலேயே, ஞானஸ்நானம் பெற்றவர். இசையமைப்பாளர் பாக்கின் ‘மத்தேயு திருப்பாடுகள்’ என்ற படைப்பை 1829இல் பெர்லினில் நிகழ்த்தி, கிறிஸ்தவ இசையின் மாபெரும் படைப்பொன்றை மறதியிலிருந்து மீட்டவரும் அவரே. ஆயினும் அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குள், 1850இல், ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் புனைபெயரில் ஒளிந்துகொண்டு எழுதிய கட்டுரை, எவ்வளவு திறமை இருந்தும் யூதராகப் பிறந்ததால் மெண்டல்சனால் உள்ளத்தின் ஆழத்தைத் தொட இயலவில்லை என்றது. 1869இல் அதையே வாக்னர் தம் பெயரிலேயே வெளியிட்டார். லைப்சிக் நகரின் கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கின் முன் நின்ற மெண்டல்சன் சிலையை, 1936 நவம்பரில், மேயர் கார்ல் கோர்டெலர் வெளியூர் சென்றிருந்த சமயம் பார்த்து நாஜிகள் அகற்றினார்கள். அதைத் திரும்ப நிறுவ முடியாமற்போகவே அவர் பதவி விலகினார். வாக்னரும் நாஜிகளும் பார்த்தது பிறப்பை மட்டுமே. நானும் ‘யூத’ என்ற அடைமொழியை இவர்கள் பட்ட பாட்டைக் குறிக்கத்தான் பயன்படுத்தினேனே தவிர, இசையின் இலக்கணமாக அல்ல.

மெண்டல்சனின் இசையில் அப்படியொரு தன்மை என் காதில் விழுந்ததில்லை. மாலரின் முதல் சிம்பனியில், மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில், கனத்த குரல் கொண்ட பெரிய தந்தி வாத்தியமான டபுள் பாஸ் ஒன்று மட்டும் ஒரு குழந்தைப் பாடலைச் சோகமாக இழுத்து வாசிக்கும்; சற்று நேரத்தில் ஓபோ, டிரம்பெட் என்ற ஊதுவாத்தியங்கள் கல்யாண வீட்டு வாத்தியக் கோஷ்டிபோல நடுவில் புகுந்துவிடும். அதை யூதத் திருமண இசை என்பார்கள். அவர் வளர்ந்த இக்லாவ், ராணுவ பாண்டு வாத்தியமும் நாட்டுப்புற இசையும் கலந்து ஒலித்த ஊர் என்பதால் அடித்துச் சொல்ல எனக்குத் தயக்கமே.

யூதராக இருந்துகொண்டு வியன்னா அரசவை ஓபராவின் இயக்குநராக முடியாது என்பதால் மாலர் 1897 பிப்ரவரியில் கத்தோலிக்கரானார். அவ்வாண்டே பதவியும் கிடைத்தது. யூதவெறுப்புப் பத்திரிகைகள் அதன்பிறகும் அவரை விடவில்லை. அவருடைய தங்கை கணவர் ஆர்னால்ட் ரோசே, 1881 முதல் வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழுவை முதல் வயலினில் அமர்ந்து வழிநடத்தியவர், 1938இல் நாஜிகளால் வெளியேற்றப்பட்டார். ரோசேயின் மகள் ஆல்மா லண்டனுக்குத் தப்பியும், கச்சேரிக்காக நெதர்லாந்து சென்று அங்கே சிக்கிக்கொண்டு, 1943இல் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பெண் கைதிகளின் இசைக்குழுவை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. காலையில் வேலைக்குப் போகும், மாலையில் திரும்பும் கைதிகளுக்காக வாயிலருகே அணிநடை இசை வாசிக்க வேண்டும். வாசிப்பு சரிந்தால் உயிர் போகும் என்று அறிந்திருந்ததால் ஒத்திகையில் அவர் மிகக் கண்டிப்பாக இருந்தார். 1944 ஏப்ரலில் முகாமிலேயே நோயுற்று இறந்தார்; குழுவின் பெண்களில் பெரும்பாலோர் உயிர்தப்பினர்.

தன் வாயாலேயே தன்னை யூதர் என்று அறிவித்த ஒருவரைத்தான் ஏற்பீர்கள் என்றால், இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க் இருக்கிறார். 1898இல் கிறிஸ்தவரான அவர், 1933இல் பெர்லின் வேலையை இழந்து பாரிசுக்கு வந்ததும், அங்குள்ள யூத ஜெபக்கூடத்தில் முறைப்படி யூத மதத்துக்குத் திரும்பினார்.