நாக்கு லோகோ: உங்கள் விடைதான் சரி

வினாடி வினாவில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் நாக்கு லோகோவை வரைந்தவர் யார் என்ற கேள்விக்கு ஜான் பாஷ் என்று சொல்லி மதிப்பெண் இழந்தீர்களே, தாராளமாக முறையிடுங்கள். வினாடி வினா நடத்துநர் சொன்ன அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் என்ற விடை பலரும் செய்கிற தவறு. 1971இல் வந்த இந்தக் குழுவின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' இசைத்தட்டின் அட்டை, அதாவது நிஜ ஜிப் வைத்த அந்த ஜீன்ஸ், வார்ஹோலின் யோசனை. அதே இசைத்தட்டில்தான் நாக்கும் முதலில் வந்தது. குழப்பம் அங்கேதான்.

பாஷ் அப்போது லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர். குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் காட்டியது நம்ம காளி படம், ஒரு கடையில் பார்த்து இரவல் கேட்டு எடுத்து வந்தது! அந்தத் தொங்கும் நாக்கைப் பிடித்துக்கொண்டார் பாஷ். ஆனால் காளியை அப்படியே வரையவில்லை. தடித்த சிவப்பு உதடுகளும் நீட்டிய நாக்கும் மட்டும். பெரியவர்களைப் பார்த்துக் குழந்தை பழிப்புக் காட்டுகிற மாதிரி. கூலி 50 பவுண்டு, அப்புறம் 200 போட்டுக் கொடுத்தார்கள்.

நடத்துநர் மசியவில்லையா? மூல ஓவியத்தை 2008இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் பாஷின் படைப்பு என்றே வாங்கியது. அவர்களுடைய பட்டியலைத் திறந்து காட்டுங்கள்.